அகராதியைத் தின்றவன்

டேய்,

இன்று காலை நம் ஸ்டாப்பில் மண்ணெண்ணெய் வாசனை அடித்தது. டீக்கடை அடுப்பு என்றுதான் நினைத்தேன். இல்லை. ஓரமாக ஒரு பழைய கம்பெனி பஸ் நின்றது. யாரோ ஒரு பள்ளிக்கூடத்துக்கு விற்றுவிட்டார்களாம். டிரைவர் முன்கண்ணாடியில் மண்ணெண்ணெயைத் தேய்த்து, பிளேடால் ஸ்டிக்கரைச் சுரண்டிக்கொண்டிருந்தார். பாதி போய்விட்டது. மீதியைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்தது. பிறை. பூந்தமல்லி பஸ். நம் கணக்குப்படி 'ப'.

"அண்ணா, அத எனக்குக் குடுங்கண்ணா" என்றேன்.

"கிழிஞ்ச ஸ்டிக்கர வச்சிக்கினு இன்னாடா பண்ணப் போற?"

"படிக்கப் போறேண்ணா."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிளேடு நுனியில் எடுத்து என் உள்ளங்கையில் ஒட்டிவிட்டார். அது இப்போது என் பிசிக்ஸ் புத்தகத்தின் அட்டையில் இருக்கிறது. அந்தப் புத்தகத்திலேயே எனக்குப் புரிகிற ஒரே எழுத்து அதுதான்.

உனக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். நீ போன பிறகு நடந்ததை உன்னிடம் சொல்வது அபத்தம் என்று தெரியும். அபத்தம் நமக்குப் புதிதா?

போன மாதம் உன் அம்மா என்னைக் கூப்பிட்டார்கள். வீட்டுக்காரர் உங்கள் வீட்டை இடித்துவிட்டு, கம்பெனி ஆட்களுக்கு வாடகை விடுவதற்கு வரிசையாக ரூம் கட்டப் போகிறார். காலி செய்யும்போது பரண்மேல் உன் பத்தாம் வகுப்புப் பை கிடைத்திருக்கிறது. அதற்குள் நம் நோட்டு. கடைசிப் பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்தார்கள். வட்டம், முக்கோணம், பிறை, நட்சத்திரம் என்று ஏழெட்டு வரி.

"இன்னா எழுதிக்கீறான்னு படிச்சிச் சொல்லு" என்றார்கள்.

"தெரியலம்மா."

"தெரியலன்னு சொல்லாத. ரெண்டு பேரும் இதுலதான் பேசிக்கினு இருந்தீங்க. நான் பாத்துக்கினுதான் இருந்தேன்."

நான் பொய் சொல்லவில்லையடா. எனக்கு நிஜமாகவே மறந்துபோயிருந்தது.

அந்த எழுத்தைக் கண்டுபிடித்தவன் நீ. ஒன்பதாவதில், நம் ஸ்டாப்பில் உட்கார்ந்து வருகிற போகிற கம்பெனி பஸ்ஸையெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தபோது. ஒவ்வொரு ரூட்டுக்கும் ஒரு வடிவம் ஒட்டியிருப்பார்கள். தமிழ் படிக்கத் தெரியாத வெளிமாநிலத்துக்காரர்களும் சரியான பஸ்ஸில் ஏற வேண்டும் என்பதற்காக. "பஸ் எந்த ஊரோ அந்த ஊரோட மொத எழுத்துதான் அந்த ஸ்டிக்கரு. முடிஞ்சிது" என்றாய். காஞ்சிபுரம் என்றால் க. தாம்பரம் என்றால் த. கொம்பு, கால், புள்ளியெல்லாம் வழக்கம்போல. எட்டு ஊர், எட்டு எழுத்து. எந்த ஊரும் கிடைக்காத எழுத்துகளுக்கு நாமே படம் போட்டோம். ழ-வுக்கு டீக்கடை நாயின் வால். ள-வுக்கு டீக்கடை அக்காவின் வளையல். ட-வுக்கு நம் கணக்கு சாரின் மூக்கு. சார் கையில் அந்தச் சீட்டு சிக்கியபோது, தன் மூக்கையே திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது என்னடா, சுத்தியலா?" என்று கேட்டார். நீ "ஆமா சார்" என்றாய். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வயிறு வலிக்கிறது.

அந்த அகராதி ஒரே ஒரு தாளில்தான் இருந்தது. என் சட்டைப் பையில். ஹெட்மாஸ்டர் திடீரென்று வகுப்புக்குள் வந்து பையைச் சோதித்த அன்று, நான் அதை நாலாக மடித்து வாயில் போட்டு விழுங்கிவிட்டேன். ஊரில் என்னை அகராதி பிடித்தவன் என்பார்கள். அகராதியைத் தின்றவன் என்று உனக்கு மட்டும்தான் தெரியும். பழைய காலத்தில் எவனெவனோ புத்தகசாலைக்குத் தீ வைத்தானாம். தின்று தீர்த்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

"திருப்பி எழுதிக்கலாம்டா" என்றேன்.

"வேணாம். மண்டைல வச்சிக்கோ. உனக்குத்தான் அங்க நெறைய எடம் காலியாக் கீதே" என்றாய்.

எடம் இருந்தது. வைத்தது நிற்கவில்லை. எழுதுவது எப்போதும் நீ. நான் உன் பக்கத்தில் உட்கார்ந்து, "இது இன்னாடா, அது இன்னாடா" என்று உன் விலாவில் இடித்து இடித்துப் படித்தவன். விலா போனதும் படிப்பும் போயிற்று. வேடிக்கை என்னவென்றால் நாய் வாலும் சார் மூக்கும் அப்படியே நினைவில் இருந்தன. கிண்டல் எதுவும் மறக்கவில்லை. ஊர்கள்தாம் மறந்திருந்தன. எந்தப் படம் எந்த ஊர்? போய்ப் பார்த்து வரலாம் என்றால், போன வருஷம் வேறு டிரான்ஸ்போர்ட்காரர் வந்துவிட்டார். ஸ்டிக்கர் எதுவும் கிடையாது. நெற்றியில் லைட் போர்டு, அதில் நம்பர் ஓடுகிறது.

தமிழ்ப் புத்தகத்தில் படிக்க முடியாத பழைய எழுத்துகளைப் பற்றி ஒரு பாடம் வருகிறது. பெரிய பெரிய நகரங்கள் மண்ணுக்குள் போய், அதோடு எழுத்தும் போயிற்றாம். நான் எழுந்து நின்று, "நகரம்லாம் அழிய வேணாம் சார், பஸ் கான்ட்ராக்ட் மாறினாலே போதும்" என்றேன். வகுப்பு சிரித்தது. சார் வெளியே நிற்க வைத்தார். அந்தப் பீரியட் முழுவதும் ஸ்டாப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நான் அதைச் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

உன் அம்மா விஷயத்துக்கு வருகிறேன். தெரியவில்லை என்று சொல்லிவிட்டு எழுந்திருக்கப் பார்த்தேன். அவர்கள் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்கள்.

"அன்னிக்கு ஞாயித்துக்கெழம. ஓட்டி, ஓவர்டைமுக்குப் போவணும். கம்பெனி கார்டக் காணோம். வூடு பூரா தேடி பஸ்ஸ வுட்டுட்டேன். ஷேர் ஆட்டோ புட்சி கேட்டுக்குப் போனா, கார்டு இல்லாம உள்ள வுட மாட்டேன்னுட்டான். சூப்பர்வைசர் போன்ல அத்தினி பேருக்கும் கேக்கற மாதிரி கத்தறான். வூட்டுக்கு வந்தா இவன் கார்டக் கைல வச்சிக்கினு நிக்கிறான். 'இங்க இருந்திச்சும்மா'ன்றான். உட்டேன் ஒண்ணு. கன்னத்துல."

தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார்கள். பிறகு சொன்னார்கள். "மறுநா காய்ச்சல். வெள்ளிக்கெழம போய்ட்டான். அன்னிலருந்து அந்த ஒரு அடிதாண்டா கண்ணு முன்னால நிக்குது. வேற எதுவும் ஞாபகம் வரல. அதத்தான் எழுதிக்கீறானா? அம்மா அடிச்சிச்சின்னு? எதுவா இருந்தாலும் சொல்லு. எனக்குத் தெரியணும்."

நான் நோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஏனென்றால் அந்தக் கார்டை ஒளித்து வைத்தவன் நான்.

அதற்கு முந்தைய வாரம் ஸ்டாப்பில் நீ சொன்னாய்: "ஒரே ஒரு ஞாயித்துக்கெழம அம்மா வூட்ல இருந்தா நல்லாருக்கும்டா." அவ்வளவுதான் சொன்னாய். சனிக்கிழமை சாயங்காலம் உங்கள் வீட்டுக்குத் தண்ணீர் குடிக்க வந்தவன், ஆணியில் தொங்கிய கார்டை எடுத்துக் காலண்டருக்குப் பின்னால் செருகிவிட்டுப் போனேன். உன்னிடம்கூடச் சொல்லவில்லை. நண்பனுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பரிசு கொடுத்த பெருமை எனக்கு. கார்டு இல்லாமல் போனால் கேட்டில் என்ன பேச்சு விழும், திரும்பி வந்தால் வீட்டில் யார்மேல் விழும் என்றெல்லாம் என் மண்டையில் ஓடவில்லை. காலியிடம் அவ்வளவு இருந்தும்.

உன் அம்மாவிடம் அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. அவர்கள் அதற்குள் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு படத்தின் மேல் விரலை வைத்து, "இது என் பஸ்ஸுடா. பூந்தமல்லி வண்டி. பிறை" என்றார்கள்.

முதல் எழுத்து அப்படித்தான் கிடைத்தது. நான் அதைப் பிடித்துக்கொண்டு ஓடிவிட்டேன். "மத்ததையும் கண்டுபிடிச்சிக்கினு வரேம்மா" என்று நோட்டை எடுத்துக்கொண்டு வந்தேன். உண்மையில், சொல்லாமல் இருப்பதற்கு ஒரு வேலை கிடைத்தது.

முதலில் போனில் படம் எடுத்து ஒரு ஆப்பிடம் கேட்டேன். உலகத்தில் இருக்கிற எல்லாம் அதற்குத் தெரியும் என்கிறார்கள். "இவை சாலைப் பாதுகாப்புக் குறியீடுகள் போலத் தோன்றுகின்றன" என்றது. கணக்கு சாரின் மூக்கை "வலப்புறம் திரும்பவும்" என்றது.

அடுத்து டீக்கடை அக்கா.

"பழைய பஸ் ஸ்டிக்கரு ஒனக்கு இன்னாத்துக்குடா? திருட்டுத்தனம் ஏதாச்சும் பண்றியா?"

"இல்லக்கா. ஆராய்ச்சி."

"மூஞ்சப் பாரு. ஆராய்ச்சியாம்." பாலை ஆற்றிக்கொண்டே சொன்னார்கள். "எனக்கு ஒண்ணுதான் தெரியும். வட்டம் போட்ட வண்டி வந்தா இருவது டீ எறக்கணும். காஞ்சிவரம் ஆளுங்க. மத்த வண்டிலாம் டீக்கு நிக்காதே, நான் எதுக்குப் பாக்குறேன்?"

இரண்டு எழுத்து ஆயிற்று. அப்புறம் ஒரு வாரம் எதுவும் கிடைக்கவில்லை. ஸ்டாப்பில் நிற்கிற அண்ணன்கள் அக்காக்கள் யாரைக் கேட்டாலும் "ஏதோ ஒட்டிருந்தாங்க" என்றார்கள். பெயர்ப்பலகையைப் படிக்கத் தெரிந்தவர்கள் யாரும் ஸ்டிக்கரைப் பார்த்ததே இல்லையடா. அத்தனை வருஷம் அதற்கு முன்னால் நின்றிருக்கிறார்கள்.

பிகாஷ் அண்ணனிடம் கேட்கலாம் என்று சொன்னதும் டீக்கடை அக்காதான். ஒடிசாக்காரர். உனக்கு அவரைத் தெரிந்திருக்காது, நீ போன பிறகுதான் கடைக்குப் பின்னால் இருக்கிற ரூமுக்கு வந்தார். மூன்று கம்பெனி மாறியவர். நோட்டைக் காட்டியதும் அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ. சொந்த ஊர்ப் பேப்பரைப் பார்த்த மாதிரி.

"இது டைமண்ட். தாம்பரம். இது ஸ்டார், செங்கல்பட்டு. இது சதுரம், மணிமங்கலம், அங்க என் முதல் ரூம்." முக்கோணத்தில் விரலை வைத்துச் சிரித்தார். "இது வாலாஜாபாத். நான் முதல் நாள் தப்பு ஏறும். தூங்கும். எழுந்தா வாலாஜாபாத். போன்ல சார்ஜ் இல்ல. நடந்து, நடந்து..." இரண்டு விரலால் காற்றில் நடந்து காட்டினார். "தப்பு பஸ் மறக்காது தம்பி."

"எப்டிண்ணா எல்லாம் ஞாபகம் வச்சிக்கினு கீறீங்க?"

"எனக்குத் தமிழ் எழுத்து தெரியாது. இதுதானே எனக்கு எழுத்து."

நாம் என்னமோ ரகசிய எழுத்தை நாமே கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டிருந்தோம். நமக்கு முன்னாலேயே எத்தனையோ பேர் தினமும் காலையில் அதைப் படித்துத்தான் வேலைக்குப் போயிருக்கிறார்கள். நமக்கு விளையாட்டு. அவர்களுக்குத் தப்பினால் வாலாஜாபாத்.

பாக்கி இரண்டு: அம்பு, பெருக்கல் குறி. ஒன்று நெமிலி, ஒன்று ராணிப்பேட்டை. எது எது என்று பிகாஷ் அண்ணனுக்கும் தெரியவில்லை. அந்தப் பக்கம் அவர் வேலை செய்ததில்லை. அதற்கு யாரும் தேவைப்படவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மொட்டை மாடியில் உட்கார்ந்து, இரண்டு விதமாகவும் போட்டுப் பார்த்தேன். முதல் தடவை, "ரீதான்னு தெநியாதாடா" என்று வந்தது. வாயில் வடையை வைத்துக்கொண்டு பேசுகிறவன் மாதிரி. மாற்றிப் போட்டேன்.

நீ பேசினாய்.

சத்தியமாகச் சொல்கிறேன், உன் குரலில்தான் கேட்டது. இரண்டு வருஷமாக உன் குரல் எப்படி இருக்கும் என்று யோசித்து யோசித்துக் கிடைக்காமல் விட்டிருந்தேன். உன் போட்டோ இருக்கிறது, நீ ஆடின வீடியோகூட ஒன்று இருக்கிறது, அதில் பாட்டுச் சத்தம்தான் கேட்கும். இப்போது, ஒரு பழைய நோட்டிலிருந்து, வரிவரியாக, நக்கலோடு.

முழுவதும் படித்துவிட்டு நோட்டை மூடினேன். அப்போதுதான் ஒன்று உறைத்தது. இதைப் படிக்கத் தெரிந்தவன் உலகத்திலேயே நான் ஒருவன்தான். உன் அம்மாவிடம் நான் என்ன சொன்னாலும் அதுதான் அதில் எழுதியிருப்பது. "அம்மா ரொம்ப நல்லவங்க" என்று எழுதியிருக்கிறாய் என்று சொல்லலாம். அவர்களும் அழுதுவிட்டு நிம்மதியாவார்கள். என் பெயரும் வெளியே வராது. இவ்வளவு வசதியான பொய் என் வாழ்க்கையில் கிடைத்ததே இல்லை. எத்தனை பொய் சொல்லி மாட்டியிருக்கிறேன். மாட்டவே முடியாத பொய் இதுதான் முதல் தடவை.

உங்கள் வீட்டு வாசல் வரை அந்தப் பொய்யைத்தான் மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன்.

உங்கள் வீட்டில் பாதிச் சாமான் மூட்டையாகக் கட்டியிருந்தது. உன் அம்மா தரையில் உட்கார்ந்து பாத்திரங்களைப் பழைய சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் கையைப் புடவையில் துடைத்தார்கள். "படிச்சிட்டியா?" என்றார்கள். அந்தக் குரலுக்கு என் மனப்பாடம் எதுவும் நிற்கவில்லை. நோட்டைத் திறந்து, விரலை வைத்து, ஒரு படத்தையும் விடாமல் படித்தேன்.

"காலண்டருக்குப் பின்னாடி வச்சா நீதான்னு தெரியாதாடா. அடி முழுசா எனக்கே உட்டுச்சு அம்மா. பாதி உன்னுது. வந்து வாங்கிக்கோ. ஆனா சூப்பர்டா. அம்மா நாள் பூரா வூட்ல இருந்துச்சு. வடை சுட்டுச்சு. மத்தியானம் என் பக்கத்துலயே படுத்துத் தூங்குச்சு."

உன் அம்மா என் விரல் நின்ற இடத்தையே பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். இப்போது கேட்பார்கள், யாருடா காலண்டருக்குப் பின்னால் வைத்தது என்று.

அவர்கள் கேட்டது வேறு.

"வடையா?"

"ம்."

"வடை சுட்டேனா?" என்னைப் பார்க்கவில்லை. சுவரில் எங்கேயோ பார்த்தார்கள். "இரு... ஆமாண்டா. அடிச்சிட்டு மனசு கேக்கல. பருப்பு ஊற வச்சேன். இவன் பக்கத்துல குந்திக்கினு, சுடச் சுட எடுத்து ஊதி ஊதித் துன்னான். 'இதுக்கே இன்னொரு அடி வாங்கலாம்மா'ன்னான்." சிரித்தார்கள். வாயைப் பொத்திக்கொண்டார்கள். "சிரிச்சோம்டா. ரெண்டு பேரும் சிரிச்சோம். எப்டிடா மறந்தேன் நானு? அப்புறம் பாய் போட்டுப் படுத்தேன். கால என் மேல போட்டுக்கினு தூங்கினான். தோளுக்கு வளந்த புள்ள. எப்டிடா மறந்தேன்?"

எனக்கும் அப்போதுதான் வந்தது. அன்று சாயங்காலம் நீ ஸ்டாப்புக்குப் பேப்பரில் சுற்றி இரண்டு வடை கொண்டுவந்தாய். "அம்மா சுட்டுச்சு" என்று கொடுத்தாய். உன் கன்னத்தில் விரல் தடம் இருந்ததா? நான் பார்க்கவில்லை. வடையைத்தான் பார்த்தேன். இரண்டையும் நானே தின்றேன். எது கையில் கொடுத்தாலும் தின்றுவிடுகிறவன் நான்.

உன் அம்மா வெகுநேரம் அழுதார்கள். அந்த அழுகை வேறு மாதிரி இருந்தது. முதல் நாள் என் கையைப் பிடித்து உட்கார வைத்தபோது இருந்த முகம் இல்லை. கண்ணைத் துடைத்துவிட்டு நோட்டைத் தன் பக்கம் இழுத்து, "அந்தப் பாதி உன்னுதுன்னு வருதே, அது எந்த எடம்?" என்று கேட்டார்கள். காட்டினேன். பிறையைத் தொட்டார்கள். அதற்குப் பக்கத்தில் டைமண்டை.

"காலண்டர் பின்னாடி வச்சது நீயா?"

"ஆமாம்மா."

"எதுக்குடா?"

"ஞாயித்துக்கெழம நீங்க வூட்ல இருந்தா நல்லாருக்கும்னு சொன்னான்."

அவர்கள் என்னையே பார்த்தார்கள். நான் இடது கன்னத்தைக் காட்டிக்கொண்டு நின்றேன். விளையாட்டுக்கு இல்லை. நீ எழுதியிருக்கிறாய், வாங்கியாக வேண்டும்.

அடிக்க மாட்டார்கள் என்று நினைத்திருப்பாய். அடித்தார்களடா. பளீரென்று. காதில் மணி அடித்தது. கம்பெனியில் எட்டு மணி நேரம் ஸ்க்ரூ முடுக்குகிற கை என்பது அப்போது புரிந்தது. அடித்த அதே கையால் என் தலையைப் பிடித்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார்கள். "ரெண்டு எருமைங்கள வச்சிக்கினு நான் பட்ட பாடு" என்றார்கள். வச்சிக்கினு என்றார்கள், கவனித்தாயா? அந்தக் கணக்கில் நீயும் இருக்கிறாய்.

அகராதியை மறுபடி எழுதிவிட்டேன். மூன்று தாளில். ஒன்று நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டி உன் அம்மாவிடம் இருக்கிறது. பஸ்ஸில் போகும்போது ஒவ்வொரு பக்கமாகப் படிக்கிறார்களாம். கணக்கு சார் மூக்கு வருகிற இடத்துக்கெல்லாம் பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரிக்கிறார்கள். என்னைப் பற்றி நீ எழுதி வைத்திருக்கிறவற்றையும் படித்துவிட்டார்கள். அதற்கு உன்னைத் தனியாகக் கவனித்துக்கொள்கிறேன். இன்னொரு தாள் பிகாஷ் அண்ணனிடம். அவர் அதை வைத்துத் தலைகீழாகத் தமிழ் படிக்கிறார், ஸ்டிக்கரிலிருந்து எழுத்துக்கு. டீக்கடை போர்டில் இருக்கிற 'டீ'யை முந்தாநாள் தானே படித்துவிட்டு, "சார் மூக்கு!" என்று கத்தினார். மூன்றாவது என்னிடம். எந்த ஹெட்மாஸ்டர் வந்தாலும் சரி, இதைத் தின்ன மாட்டேன்.

புது வீடு கூட்டுரோட்டுக்கு அந்தப் பக்கம். ஓட்டி இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறேன். போன வாரம் உன் அம்மா வடை சுட்டார்கள். காலண்டர் மாட்டுகிற ஆணியில் இப்போது கார்டு தொங்குகிறது. எனக்காகவே காலண்டரை மாட்டவில்லை என்றார்கள்.

உன் பாதியை நீ கொண்டுபோய்விட்டாய். என் பாதி என்னிடம் இருக்கிறது. இடது கன்னம். இன்று காலை ஸ்டாப்பில் அந்தப் பிறையைக் கையில் வாங்கியபோது, கொஞ்சம் சுட்டது.